கல்லுக்கு இந்தப் பக்கம்

இன்னொருக்கா போன் அடிச்சுப் பாருங்க தம்பி. ஏ பிளாக், மூணாவது மாடி, தனசேகர் ஊடு. மொதல்ல அடிச்சப்ப அவன் பொண்டாட்டி எடுத்து, இருக்கச் சொல்லுங்க, கேட்டுச் சொல்றேன்னுச்சா? கேட்டுச் சொல்றதுக்கு என்னங்க இருக்குது இதுல? தாய்மாமன் வந்து கேட்டுல நிக்கறான். உள்ள வாங்கன்னு சொல்றதுக்கு ஒரு ரோசனையா? இல்லீங், உங்க மேல கோவமில்ல. யாரு, எந்த ஊடு, அவங்களுக்கு நீங்க என்ன வேணும்னு கேட்டீங்க. அது உங்க வேலை. நான் இந்த மண்ணுல பொறந்தவனுங்க, என்னையப் பாத்து அந்தக் கேள்வியான்னு சுருக்குன்னு வந்துச்சு, அவ்வளவுதான்.

சேரெல்லாம் வேண்டாமுங்க. சரி, போடுங்க, முட்டி சொன்ன பேச்சுக் கேக்க மாட்டீங்குது. இந்தப் பையா? இது கையிலயே இருக்கட்டும். கீழ வெக்கற சாமானில்ல.

நீங்க எந்தப் பக்கமுங்க? போளூரா. அதுதான் பேச்சு வேற மாதிரி இருக்குது. இங்க வந்து எத்தன வருசமாச்சு? அப்படீன்னா என்ற அக்காளப் பாத்திருப்பீங்க. பாவாத்தான்னு பேரு. ஒல்லியா, எந்நேரமும் கையில ஒரு மோர்ச் சொம்போட திரிவா. உங்களுக்கும் குடுத்தாளா? குடுப்பா. தம்பீன்னு கூப்புட்டாளா? அவ அப்படித்தானுங்க. பால்காரன், கேஸ் கொண்டாறவன் எல்லாருமே அவளுக்குத் தம்பிதான். கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன்தான்.

இன்னைக்கு அவளுக்கு வருசத் தெவசம். எனக்கு யாரும் சொல்லல. சொல்லாட்டி என்னங்க? எழவுக்கும் தெவசத்துக்கும் கூப்புட்டாத்தான் போவேன்னா அது ஒறவே இல்ல. அதுதான் நானே கெளம்பி வந்துட்டேன். தாய்மாமன் இல்லாத தெவசம் ஒரு தெவசமுங்களா? மொத எலையில உக்கார்றதுக்கு ஆளு வேணுமில்ல? ரோசம் பாத்துட்டு இருக்கறான் பையன். ஒரு வருசமா என்ற கூடப் பேச்சில்ல. ரோட்டுல எதுக்க வந்தா வண்டியத் திருப்பிட்டுப் போறான். அப்படி என்ன நான் பண்ணிப் போட்டேன்? நீங்க வெளியூர்க்காரர், பொதுவான ஆளு. நீங்களே கேட்டுட்டு நாயத்தச் சொல்லுங்க.

இந்த எடம் பூராவும் எங்க சோளக்காடு. நீங்க நிக்கறீங்களே, இங்கதான் எங்கய்யன் மாட்டுச் சாளை போட்டிருந்தாரு. அந்தா, கொழந்தைக ஊஞ்சலாடுதே, அதுக்குப் பக்கத்துல குரோட்டன்ஸ் செடிக்கு நடுவால ஒரு கல்லு இருக்குமே, பாத்திருக்கறீங்களா? எவளோ ஒருத்தி அதுக்குப் பொட்டு வெச்சிருக்கறா பாருங்க. அது சாமியில்லீங்க. எங்க வாகப்பாளையத்து எல்லைக்கல்லு. கல்லுக்கு வடக்க ஊரு, தெக்க வெளி. காட்ட விக்கறப்ப பில்டர் கல்லப் புடுங்கிப் போடறேன்னான். நான் சரீன்னுட்டேன். அக்காளுக்கும் பங்கு இருந்துச்சு. அவ பத்திர ஆபீஸ்ல மரத்தடியில உக்காந்துட்டா. கல்ல எடுத்தீங்கன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா. பில்டர் பேசிப் பாத்தான், நான் பேசிப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. கடைசியா கல்ல உட்டுத்தான் செடி வெச்சாங்க.

அப்பறம் ஊடு எடுக்கறப்பவும் அதே கதை. அவ மவன் தனசேகரு பி பிளாக்குல காத்தோட்டமா ஒண்ணு பாத்து வெச்சிருந்தான். இவ ஏ பிளாக்தான் வேணும்னா. ஏன்னா அது கல்லுக்கு வடக்க இருக்குதாம். 'நான் ஊர உட்டு எங்கடா போறேன், கல்லுக்கு இந்தப் பக்கந்தான இருக்கறேன்'னு எங்கிட்ட வந்து சொல்லிட்டுச் சிரிக்கறா. மூணாவது மாடியில போயி உக்காந்துட்டு ஊராம் ஊரு. எனக்கும் சிரிப்புத்தான் வந்துச்சு.

போன் அடிக்குதா? இல்லீங்களா. சரி.

எங்க மாரியாத்தா நோம்பி எப்படீன்னு உங்களுக்குத் தெரியாது. மூணு கெளையாப் பிரியற மரத்த வெட்டிக் கொண்டாந்து, கோயலுக்கு முன்னால கம்பமா நடுவோம். நட்டுக் காப்புக் கட்டிட்டா ஊரே கட்டுக்குள்ள வந்துரும். வெளியூருல போயித் தங்கக் கூடாது. ஊட்டுல தாளிக்கக் கூடாது. வெடியால பொம்பளைக தலைக்குத் தண்ணி வாத்துட்டு ஈரச் சீலையோட வந்து கம்பத்துக்கு ஊத்துவாங்க. பொழுது சாய ஆம்பளைக கம்பத்தச் சுத்தி ஆடுவோம். இதுக்கு நடுவால எல்லைக்குள்ள ஒரு எழவு விழுந்துச்சுன்னு வெச்சுக்குங்க, கம்பத்தப் புடுங்கிக் கெணத்துல உட்டுட்டு அந்த வருசத்து நோம்பிய நிறுத்திப் போடோணும். காப்புக் கட்டுனவன் எழவு ஊட்டுப் படி ஏறக் கூடாது. ஏறுனா தீட்டு, காப்ப அவுத்துரோணும். இது பாட்டன் பூட்டன் வெச்சது தம்பி. நான் வெச்சதில்ல.

அந்த நோம்பியே பல வருசமா நின்னு கெடந்துச்சு. கீழ வீதி ஆறுச்சாமிக்கும் எனக்கும் தகராறு. எதுக்குன்னா, பரிவட்டம் யாருக்குங்கறதுக்கு. சாமி துணியத் தலையில கட்டி, கோயலுக்கு முன்னால ஊரே பாக்க நிறுத்துவாங்களே, அந்த மருவாதி. எங்கய்யன் கட்டுனாரு, அவருக்கப்பறம் எனக்குத்தான வரோணும்? இல்லை, எங்களுக்குன்னான் ஆறுச்சாமி. ஊரு ரெண்டாப் போச்சு. கேஸு, ஸ்டேசன், பேச்சுவார்த்தை. கோயல் பூட்டுத் துருப்புடிச்சுது. அதுக்குள்ள ஊரச் சுத்திக் கட்டடமா வந்து, கார்ப்பரேசன்ல சேத்து, வார்டு நம்பரும் போட்டாங்க. இந்தக் காலத்துப் பொண்ணு புள்ளைகளுக்குக் கம்பம்னா லைட்டுக் கம்பம்தான் தெரியும்.

கடைசியா நாந்தான் ரெண்டு பக்கத்தையும் உக்கார வெச்சுப் பேசி முடிச்சேன். ஆமாங், நாந்தான். அக்கா என்ன பண்ணுனா, ஆறுச்சாமி ஊட்டுக்குப் போயி, நாங்க பச்சத் தண்ணி தொடாத ஊடு அது, அவம் பொண்டாட்டி கையால மோர் வாங்கிக் குடிச்சுட்டு வந்தா. அடுத்த நாளு ஆறுச்சாமி கூட்டத்துக்கு வந்துட்டான். அது ஒரு சாக்கு, அவ்வளவுதான். பேச்செல்லாம் என்னோடது. பரிவட்டம் யாருக்குன்னு ஆத்தாகிட்டப் பூவுக் கேட்டோம். என்ற பக்கத்துக்குப் பூ விழுந்துச்சு. ஆறுச்சாமி மூஞ்சி சுருங்கிப் போச்சு, ஆனா ஒத்துக்கிட்டான். கம்பம் நட்டோம். காப்புக் கட்டுனோம். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அன்னைக்கு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அக்காளும் கட்டிக்கிட்டா. நெதமும் வெடியால தலைக்கு ஊத்திட்டு, கொடத்தத் தூக்கிட்டு, ஈரத்தோட லிப்டுல எறங்கி வருவா. லிப்டெல்லாம் தண்ணியாப் போச்சுன்னு இங்க யாரோ சத்தம் போட்டாங்களாம். திரும்பி வர்றப்ப அவளே ஒரு துணியக் கொண்டாந்து தொடச்சுட்டுப் போவாளாம். நீங்களும் பாத்தீங்களா? கேட்டத் தொறந்து உட்டதே நீங்கதானா. செரி செரி.

பரிவட்டத்துக்கு மொத நாளு. வெடியால வந்து கம்பத்துக்கு ஊத்துனா. எனக்குக் கொஞ்சம் தள்ளி நின்னுட்டு மூச்சு வாங்குனா. ஏக்கா, முடியலயான்னேன். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, நாளைக்கு உந்தலையில துணி கட்டறப்ப முன்னால நின்னு பாப்பேன்டா'ன்னுட்டுப் போனா. நான் ஊட்டுக்கு வந்து காப்பி குடிச்சுட்டு இருக்கறேன், தனசேகரு போன் பண்றான். 'மாமா, அம்மா வந்து சேர்ல உக்காந்தாங்க, அப்பறம் எந்திரிக்கல. பி பிளாக் டாக்டரம்மா பாத்துட்டு இல்லைன்னுட்டாங்க'ங்கறான்.

நெஞ்ச அடச்சுப் போச்சுங்க. இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். என்னைய இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ. எங்கம்மா எனக்குச் சோறூட்டுனதில்ல, இவதான் ஊட்டுனா. ஆனா ஊருன்னு ஒண்ணு இருக்குதில்ல? அத்தன வருசம் கழிச்சு நட்ட கம்பம். இப்பப் புடுங்குனா இனி எவன் நடுவான்? ஆறுச்சாமி மறுக்காக் கூட்டத்துக்கு வருவானா? பெரிய மனுசன்னு இருக்கறவன் தலைக்கு மேல இத்தனையும் இருக்குது. எல்லாத்தையும் ஒரு நொடியில ரோசிச்சேன்.

'அழுவாத தனசேகரு, சத்தம் வெளிய வரப்படாது. ஊருல ஒருத்தருக்கும் சொல்லாத. பின்கேட்டு வழியா வண்டியக் கொண்டாந்து, பைப்பாஸ்ல போயி, மின்மயானத்துல முடிச்சுரு'ன்னேன். அதுக்கு அவன், 'அப்பாவப் பொதைச்ச எடத்துக்குப் பக்கத்துலதான் போகோணும்னு அம்மா சொல்லியிருக்காங்க மாமா'ன்னான். ஊருச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனா ஊரு எழவாயிரும்டா, நோம்பி நின்னு போகும்னேன். 'அப்ப எங்கம்மா எந்த ஊரு மாமா?'ங்கறான். படிச்ச பையன் கேக்கற கேள்வியா இது? அதையெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்னு போன வெச்சுட்டேன்.

ஊரு வாய மூட முடியுமுங்களா? இங்க ஊட்டு வேலைக்கு வர்ற பொம்பளை ஒருத்தி போயிச் சொல்லிட்டா. வெயிலு ஏறறதுக்குள்ள கோயல் முன்னால கூட்டம் கூடிருச்சு. நடுவால ஆறுச்சாமி. 'எல்லைக்குள்ள எழவு விழுந்துருச்சு, கம்பத்தப் புடுங்கறதுதான் மொற'ன்னான். நான் சொன்னேன், 'எழவு நம்ம எல்லைக்குள்ள விழுகல. காம்பவுண்டு செவுரு கட்டி, கேட்டுப் போட்டு, செக்கூரிட்டி வெச்சுட்டா அது டவுனு. நீ பாட்டுக்கு அதுக்குள்ள போக முடியுமா? பேரு கேப்பான், ஊரு கேப்பான். கேட்டுட்டு உள்ள போற எடம் எப்படி நம்ம ஊராகும்? செவுருதான் இப்ப எல்லை'ன்னேன். நாயந்தானுங்களே? நீங்களே இப்ப என்னைய உக்கார வெச்சிருக்கறீங்க.

'கல்லு இருக்குதே'ன்னான் ஆறுச்சாமி. 'கல்லு பூச்செடிக்குள்ள கெடக்குது, அதுக்கு என்ன தெரியும்'னேன். 'வெடியால கம்பத்துக்கு ஊத்துன தண்ணி இன்னும் காயல, ஊத்துனவ வெளியூர்க்காரியா நாச்சிமுத்து?'ன்னான். 'கூடப் பொறந்தவ செத்தா நீ போகாட்டியும் உனக்குத் தீட்டுத்தான்'னு ஒரு கெழவன் எடுத்துக் குடுக்கறான். 'கட்டிக் குடுத்தாச்சு, வேற குலத்துக்குப் போயாச்சு, எனக்கு எப்படித் தீட்டு வரும்'னேன். ஆறுச்சாமி கிட்டத்துல வந்தான். 'இத்தன பேச்சு வேண்டாம். கம்பத்தத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லு. உங்கக்கா ஊருக்குள்ள செத்தாளா, வெளிய செத்தாளா?'

தொட்டேன். கம்பம் ஈரமாத்தான் இருந்துச்சு. வெளியன்னேன்.

ஊர் நல்லதுக்குச் சொன்னேன் தம்பி. எனக்கு அதுல என்ன லாபம்? கூடப் பொறந்தவள உட்டுக் குடுத்து ஊரக் காப்பாத்துனேன். அதப் பெருசா எவனாச்சும் பேசறானா?

ஏனுங், கேட்டுட்டுத்தான இருக்கறீங்க? ஒண்ணுமே பேச மாட்டீங்கறீங்க. சரி, வண்டி வருது, தொறந்து உடுங்க. நான் இருக்கறேன்.

அவன் தந்திரத்தக் கேளுங்க. நான் வெளியன்னு சொன்னதும், ஆறுச்சாமி ஒரு மாதிரி மூச்சு உட்டுட்டு, 'சரி, ஊர் ஏத்துக்குது. நோம்பி நடக்கட்டும். ஆனா நீ காப்ப அவுத்துட்டுப் போயிரு நாச்சிமுத்து. பொறந்தவன் கோடிச் சீலை போடாம அந்தப் பொணம் எப்படி எந்திரிக்கும்? நோம்பிய நாங்க பாத்துக்கறோம்'னான். எப்படி? நான் காப்ப அவுத்துட்டா பரிவட்டம் யாருக்குப் போகும்? ரெண்டாவதா நிக்கறவன் அவன்தான. ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சாம். ஆத்தா பூப் போட்டு எனக்குக் குடுத்ததத் தட்டிப் பறிக்கப் பாக்கறான்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. 'என்ற சோலிய நான் பாத்துக்குவேன்'னுட்டேன். அவங் கண்ணு கலங்கித்தான் இருந்துச்சு. நடிப்பு.

உங்க பக்கத்துல கோடி வழக்கம் இருக்குதுங்களா? இருக்குதா. அப்ப உங்களுக்குத் தெரியும். பொம்பளை எத்தன வயசுல போனாலும், பேரன் பேத்தி எடுத்திருந்தாலும், பொறந்த ஊட்டுச் சீலை மேல விழுந்தாத்தான் பொணத்தத் தூக்குவாங்க. அது எனக்கும் தெரியாதா? மத்தியானமே எங்க ஊட்டுக்காரிய அனுப்பிச் சீலை எடுத்து வெச்சுட்டேன். அரக்குல பச்சக்கரை. அத யாருகிட்டயாச்சும் குடுத்து அனுப்பலாம்னு பாத்தேன். பொறந்தவன் கையால போடற கோடிய ஆளு வெச்சா போடறதுன்னு ஒருத்தனும் வாங்க மாட்டீங்கறான்.

பொழுது எறங்குது. உருமி அடிக்க ஆரம்பிச்சாச்சு. நான் கம்பத்துக்கு முன்னால நிக்கறேன். சட்டைப் பையில போன் அடிக்குது. தனசேகரு. எடுக்கல. மறுக்கா அடிக்குது. எடுத்து என்ன சொல்றது? வர்றேன்னு சொல்ல முடியாது. வர மாட்டேன்னும் சொல்ல வாய் வரல. ஆட்டத்துல இருக்கறேன், சுத்திச் சுத்தி வர்றேன், நெஞ்சுக்கிட்ட அது பாட்டுக்கு அடிச்சுட்டே இருக்குது. உருமிக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கும்போல. அவன் அடிக்கறத நிறுத்திட்டு என் மூஞ்சியவே பாத்தான். அடிடான்னேன். அடிச்சான். அடுத்த சுத்துல போன் நின்னு போச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. அப்படி இருந்துச்சேன்னுதான் பொறவு பல நாளு தூங்க முடியல.

மறுநாளு பரிவட்டம் கட்டுனாங்க. நல்லாத்தான் நடந்துச்சு. கூட்டம் கொஞ்சம் கம்மி. ஆறுச்சாமி வரல. முன்னால ஒரு எடம் சும்மா கெடந்துச்சு, யாரும் வந்து நிக்கல. நான் அதையே பாத்துட்டு நின்னேன்.

அப்பறம் சொல்றாங்க, கோடி போட்டாச்சாம். எவனோ ஒருத்தன் போட்டானாம். தனசேகரு காத்துக் காத்துப் பாத்துட்டு, பொறந்தவன் யாரும் வர மாட்டாங்க, எடுத்துரலாம்னானாம். எவனோ ஒருத்தன் கூட்டத்துல இருந்து சீலையோட வந்து, நான் போடறேன்னு போட்டானாம். அதுக்கும் உட்டிருக்கறாங்க பாருங்க. பேரு தெரியாது, ஊரு தெரியாது, என்ன சாதி சனம்னு தெரியாது, வந்து பொறந்தவன் எடத்துல நின்னுக்கலாமா? டவுன்ல அப்படித்தானுங்க. காலியா இருந்தா எவன் வேணாலும் உக்காந்துக்குவான். யாருன்னு நான் விசாரிக்கல. விசாரிச்சா எனக்குத்தான அசிங்கம். 'உன்ற எடத்துக்கு ஆளு போட்டாச்சு'ன்னு டீக்கடையில ஒருத்தன் சொன்னான். அதுல இருந்து டீக்கடைக்கும் போறதில்ல.

ஏனுங் ஒரு மாதிரி பாக்கறீங்க? தண்ணியெல்லாம் வேண்டாம்.

இந்த வருசமும் கம்பம் நடோணும். போன வாரம் கூட்டம் போட்டோம். செவுருதான் எல்லைன்னு நீதான சத்தியம் பண்ணுனே, அப்ப அப்பார்ட்மெண்டுக்குக் குடி போன எம் பையன் எப்படிக் காப்புக் கட்டுவான்னு ஒருத்தன் கேக்கறான். எம் மருமவ எப்படித் தீச்சட்டிப் பூவோடு எடுப்பான்னு இன்னொருத்தன். ஊருக்குள்ள மிச்சம் யாரு இருக்கறாங்கன்னு பாத்தா நானு, ஆறுச்சாமி, இன்னும் கொஞ்சம் கெழடு கட்டைக. மத்த ஊடெல்லாம் கம்பெனிப் பசங்களுக்கு வாடகைக்கு உட்டாச்சு. அந்தப் பசங்க பாவம், தண்ணி ஊத்தலாமுங்களா அங்கிள்னு கேக்கறாங்க. என்ற பையனே ஊட்ட இடிச்சு ரூமுகளாக் கட்டி உட்டுட்டு, இங்க சி பிளாக்குக்கு வந்துரலாம், உங்க முட்டிக்கு லிப்டு நல்லதுங்கறான். நான் எப்படிங்க வர்றது? நான் போட்ட எல்லைக்கு வெளிய நானே போயி உக்கார்றதா?

அதுதான் ஒரு முடிவு பண்ணிட்டு வந்திருக்கறேன். இந்தப் பையில இருக்கறது அந்தச் சீலைதான். இத தனசேகரு கையில குடுத்து, அக்கா படத்துக்கு முன்னால வெச்சுக் கும்புட்டுட்டு, மாமன் எலையில உக்காந்து சாப்புட்டுட்டுப் போயிருவேன். நடந்தது நடந்து போச்சு. அவனும் மனசு எறங்குவான். மாமன் மாமன்தான, மாத்த முடியுமா? அந்தக் கூலிக்கு மாரடிச்சவன் இன்னைக்கு எங்கயோ. ரத்தம் உடாதுங்க.

அங்க வர்றது யாரு? தனசேகரு. தனசேகருதான். பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, போன்ல பேச மனசில்லாம அவனே எறங்கி வந்துட்டான். அந்தத் துண்ட இப்படிக் குடுங்க. மூஞ்சி வேர்த்துக் கெடக்குது.

வா தனசேகரு. எளச்சுப் போயிட்டியே சாமி. நானே வந்துட்டேன் பாரு. இந்தா, இது அம்மாளுக்கு. நான் அன்னைக்கே எடுத்து வெச்சது...

என்னங்க சொல்லிட்டுப் போறான்?

இல்லீங், காது நல்லாத்தான் கேக்குது. 'ஏழுமல மாமா, எல போட்டாச்சு, நீங்க வந்து உக்காந்தாத்தான் மத்தவங்க சாப்புட முடியும், வாங்க'ன்னான். எனக்கு முன்னால நின்னுட்டு, என்னையத் தாண்டி, உங்களப் பாத்துச் சொன்னான். ஏழுமலைங்கறது நீங்கதானுங்களா? இத்தன நேரம் பேசிட்டு இருக்கறேன், பேரக் கேக்கல பாருங்க.

உங்கள எதுக்குங்க மாமான்னு கூப்புடறான்?

ஓ.

நீங்களா அது.

சொல்லியிருக்கலாமில்ல தம்பி. எவனோ ஒருத்தன், கூலிக்கு மாரடிச்சவன்னு என்னென்னமோ பேசிப் போட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு நின்னீங்களே. சீலை ஏது உங்களுக்கு அந்நேரத்துல? தங்கச்சி வளைகாப்புக்கு எடுத்து வெச்சிருந்ததா. என்ன கலருங்க? மஞ்சளா. மஞ்ச அவளுக்குப் புடிக்கும். எனக்கு அது நெனப்பில்லாமப் போச்சு, அரக்கு எடுத்துட்டேன். எப்படி முன்னால போனீங்க? யாருன்னு கேட்டிருப்பாங்களே. அம்மா என்னையத் தம்பீன்னுதான் கூப்புடுவாங்கன்னு சொன்னீங்களா. அத்தன பேருக்கு முன்னாலயும். தனசேகரு அப்ப என்ன பண்ணுனான்? சரி, வேண்டாம், சொல்ல வேண்டாம்.

நீங்க எதுக்கு என்ற கையப் புடிக்கறீங்க? நான் நல்லாத்தான் இருக்கறேன். வேண்டாமுங்க. நான் வரல. கூப்புடாத எலையில போயி உக்கார மாட்டேன். நீங்க போங்க. மாமன் எல காயக் கூடாது, போங்க.

கேட்ட யாரு பாக்கறதுங்கறீங்களா? நான் பாத்துக்கறேன். ஏன், எனக்கு என்ன வேலை? அந்த விசிலு வேண்டாம், அது கெடக்கட்டும். இந்தப் பைய சித்த வாங்கிச் சேருக்கு அடியில வெச்சிருங்க, கை நோவுது. பரவாயில்ல, கீழயே இருக்கட்டும்.

வர்றவங்கள என்ன கேக்கோணும்? யாரு, எந்த ஊடு, அவங்களுக்கு நீங்க என்ன வேணும். மேல கேட்டுட்டு, சரீன்னாத்தான் உள்ள உடோணும். இல்லைன்னா வெளியவே நிறுத்திரோணும். அவ்வளவுதானுங்களே? அது எனக்குத் தெரியாத வேலையா. நீங்க நிம்மதியாச் சாப்புட்டுட்டு வாங்க.